கொரிய, ஜப்பானியப் பதார்த்தங்களும் நமது தோட்ட விளைபொருள்களும்

புதுச்சேரி நகரத்திற்கு மேற்கே, வில்லியனூர் செல்லும் சாலையில், உழவர்கரை நகராட்சியைச் சேர்ந்தது மூலக்குளம். உழவர்கரை என்னும் பெயரே இப்பிரதேசத்தின் பூர்வீகத் தொழில் இன்னதென்று தெரிவிக்கும். நெல்லும் காய்கறியும் விளைந்த நிலங்களில் பெரும் பகுதி இப்போது வீட்டு மனைகளாகிவிட்டது. எஞ்சியிருக்கும் துண்டு நிலங்களிலும் வீட்டுக் கொல்லைகளிலும் பயிரிடுவோருக்கும், மேற்கே உள்ள கிராமங்களின் குடியானவர்களுக்கும் வருஷந்தோறும் நேரும் கஷ்டம் ஒன்று உண்டு. மழைக்காலம் கழிந்து குளிர் தொடங்கியதும் முள்ளங்கியும் முட்டைக்கோசும் கீரையும் ஒரே சமயத்தில் சந்தைக்கு வந்து குவிகின்றன. விலை இறங்கிவிடுகிறது. பறிக்கும் கூலிக்கும் வண்டிக் கூலிக்கும் கட்டாமல், விளைந்த காயை மாட்டுக்குப் போடுவதும் வயலிலேயே மடக்கி உழுவதும் நடக்கின்றன. இரண்டு மாதம் சென்றபின் அதே காயை அதே குடும்பத்தார் அதிக விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

இக்கஷ்டத்தை நம்மினும் கடுமையாக அனுபவித்து, அதற்குச் சமையலறையிலேயே பரிகாரம் கண்ட இரண்டு தேசங்கள் கொரியாவும் ஜப்பானும் ஆகும். மலை மிகுந்து விளைநிலம் குறைந்த அத்தேசங்களில், உறைபனி பெய்யும் நீண்ட குளிர்காலத்தில் வெளியிற் பச்சைக் காய்கறி கிடைப்பதரிது. ஆகவே அறுவடைக் காலத்துக் காயையும் பயற்றையும் உப்பிட்டுப் புளிக்க வைத்து வருஷம் முழுவதற்கும் வியஞ்சனமாக்கும் கலையை அவர்கள் தலைமுறை தலைமுறையாக வளர்த்திருக்கிறார்கள். அக்கலையே இன்று உலகெங்கும் விரும்பப்படும் அவர்களுடைய பதார்த்தங்களுக்கு அஸ்திவாரம். அவற்றுக்கு வேண்டிய பொருள்களிற் பெரும்பாலானவை நமது தோட்டத்திலும் கடற்கரையிலும் உள்ளவையே என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்நிய தேசத்துப் பண்டங்கள் புதுச்சேரிக்குப் புதியன அல்ல. பிரெஞ்சு ஆட்சி 1954-ஆம் வருஷம் நவம்பர் முதல் தேதி நீங்குவதற்கு முன், இந்தோ-சீனாவுக்கு உத்தியோகத்தின் பொருட்டுச் சென்ற குடும்பங்கள் பல. அவர்கள் சைகோனிலிருந்து திரும்பியபோது அந்நாட்டுச் சமையலையும் உடன் கொண்டு வந்தனர். ‘நெம்’ என்னும் சுருட்டுப் பலகாரம் இந்நகரத்து வீடுகளில் வழங்குவது இவ்வாறு வந்ததே. 1968-ல் தொடங்கப்பட்ட ஆரோவில்லில் பல நாட்டாருடன் கொரியரும் ஜப்பானியரும் வசிக்கின்றனர். சில மணி நேரப் பிரயாண தூரத்திலுள்ள ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் ஹூண்டாய் மோட்டார் தொழிற்சாலை 1996-ல் ஸ்தாபிக்கப்பட்டு 1998 முதல் கார்களை வெளியிட்டு வருகிறது. அதனையொட்டிச் சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் கொரியக் குடும்பங்கள் குடியேறி, அவர்களுக்கான உணவுச் சாலைகளும் மளிகைக் கடைகளும் ஏற்பட்டன. நமது இளைஞர்களும் கொரிய நாடகப் படங்களைப் பார்த்து, அவற்றிற் காணும் உணவைத் தாமும் உண்ண ஆவல் கொண்டிருக்கின்றனர். இந்த ஆவல் பொட்டலத்தில் அடைத்த நூடுல்ஸுடன் நின்றுவிடாமல், வீட்டுச் சமையலுக்கும் விவசாயத்திற்கும் உபயோகப்படுமாறு செய்வது நமது கையில் இருக்கிறது.

அவர்களுடைய சாப்பாட்டு முறை

நம்மைப்போலவே அவர்களுக்கும் சோறே பிரதானம். கொரியர் சோற்றுடன் ஒரு ரசம், ஒரு கிம்ச்சி, சில சிறு வியஞ்சனங்கள் வைத்து உண்பர். ஜப்பானியரும் சோற்றோடு ஒரு ரசம், மூன்று வியஞ்சனம் என்று கணக்கு வைத்திருக்கின்றனர். சோறு பொங்கிய பாத்திரத்தின் அடியிற் பிடித்த பொருக்கில் வெந்நீர் விட்டுக் கொதிக்க வைத்து, உண்டபின் அருந்துவது கொரிய வழக்கம். நமது நீராகாரத்தைப் போலவே ஒரு பருக்கையும் வீணாகாமற் காக்கும் சிக்கனம் இது.

அரிசி விஷயத்தில் ஒரு வேற்றுமை உண்டு. அவர்கள் பயிரிடுவது குட்டையாயும் உருண்டையாயும் உள்ள ஜப்பானிகா இன நெல். அதன் சோறு சற்று ஒட்டும் தன்மையுடையது. ஆதலால் குச்சிகளால் எடுத்து உண்ண வசதியாகிறது. கஞ்சியை வடிக்காமல், அளவான ஜலம் விட்டு அதிலேயே வற்றும்படி பொங்குவர். நமது புழுங்கலரிசி இதற்கு உதவாது. அறுவடையாகிச் சில வாரங்களேயான புதுப் பச்சரிசி நன்கு பொருந்தும். ஒரு பங்கு அரிசிக்கு இரண்டு பங்கு ஜலம் போதும். கவுனி அரிசியிற் சிறிது சேர்த்தால் ஒட்டும் தன்மை இன்னும் அதிகமாகும்.

ஜப்பானிய நெல்லுக்கும் நமது வயலுக்கும் முன்னமே சம்பந்தம் உண்டு. 1960-களில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வெளியான ஏ.டி.டி. 27 என்னும் நெல், ஜப்பானிய ‘நோரின் 10’ என்ற இனத்தையும், கிச்சிலிச் சம்பா என்று வழங்கும் ஜி.இ.பி. 24 என்னும் நமது இனத்தையும் கலந்து உண்டாக்கியதாகும். தஞ்சைக் குடியானவர்கள் அதைப் பெருவாரியாகப் பயிரிட்டனர்.

முள்ளங்கிக் கிம்ச்சி

கிம்ச்சி என்பது ஒரே பண்டத்தின் பெயரன்று; உப்பிட்டுப் புளிக்க வைத்த காய்கறிகள் அனைத்திற்கும் பொதுப் பெயர். குளிர்காலம் தொடங்குமுன், நவம்பர் மாத இறுதியையொட்டி, உறவினரும் அயல் வீட்டாரும் கூடி வருஷத்துக்கு வேண்டிய கிம்ச்சியைப் போட்டுப் பங்கிட்டுக்கொள்வர். ‘கிம்ஜாங்’ எனப்படும் இவ்வழக்கத்தை யுனெஸ்கோ சபையார் தென் கொரியாவின் பொருட்டு 2013-லும் வட கொரியாவின் பொருட்டு 2015-லும் மனித குலத்தின் கலாசாரச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தனர். கிம்ச்சிக்குச் செந்நிறம் கொடுக்கும் மிளகாய் கொரியாவின் பூர்வீகப் பயிரன்று. அமெரிக்காவிலிருந்து போர்ச்சுகீசிய வர்த்தகர் மூலம் கீழ்த்திசைக்கு வந்து, 16-ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டி அங்கே சேர்ந்தது என்பர். நமக்கும் அவ்வர்த்தகர் மூலமே அது வந்தது.

முள்ளங்கியைத் துண்டாக்கிப் போடும் கிம்ச்சிக்குக் ‘கக்துகி’ என்று பெயர். நமது வீடுகளுக்கு இதுவே மிகச் சுலபமானது.

வேண்டிய பொருள்கள்: இளசான வெள்ளை முள்ளங்கி 2 கிலோ, கல்லுப்பு 50 கிராம், காரம் குறைந்து நிறம் மிகுந்த பியாடகி மிளகாய்த் தூள் 40 கிராம், பூண்டு 30 கிராம், இஞ்சி 10 கிராம், சர்க்கரை 15 கிராம், வெங்காயத் தாள் ஒரு கைப்பிடி, பச்சரிசி மாவு ஒரு மேசைக்கரண்டி. கொரியர் இதில் உப்பிட்ட சிறு இறாலைச் சேர்ப்பர். அதற்குப் பதிலாக நமது கடற்கரையிற் கிடைக்கும் சென்னாக்கூனியை வறுத்துப் பொடித்து ஒரு மேசைக்கரண்டி சேர்க்கலாம். சைவ உணவு உண்போர் அதை விட்டுவிடலாம்.

செய்முறை: முள்ளங்கியைக் கழுவி, தோல் சீவாமல், இரண்டு சென்டிமீட்டர் அளவுள்ள சதுரத் துண்டுகளாக நறுக்கவும். உப்பைத் தூவிக் கலந்து ஒரு மணி நேரம் வைத்திருந்தால் ஜலம் விடும், அதை வடித்துவிடவும். அரிசி மாவை ஒரு டம்ளர் ஜலத்திற் கரைத்துக் கூழ் போல் காய்ச்சி ஆற வைக்கவும். பூண்டையும் இஞ்சியையும் நசுக்கி, மிளகாய்த் தூள், சர்க்கரை, இறால் பொடி இவற்றுடன் கூழிற் கலந்து, முள்ளங்கித் துண்டுகளும் வெங்காயத் தாளும் சேர்த்துப் பிசறவும். வெந்நீரிற் கழுவி உலர்த்திய பீங்கான் ஜாடியிலோ கண்ணாடி ஜாடியிலோ இடைவெளியில்லாமல் அழுத்தி நிரப்பவும். மேலே கால் பங்கு இடம் விட வேண்டும். புளிக்கும்போது பொங்கி வழியும். மூடியை இறுக்கலாகாது. காயானது எப்போதும் தன் சாற்றுக்குள் அமிழ்ந்திருப்பது முக்கியம்.

கொரியாவின் குளிரில் இது பதமாவதற்குப் பல நாட்கள் வேண்டும். நமது உஷ்ணத்தில் ஒரு பகலும் ஓர் இரவும் போதும். சிறு குமிழிகள் எழும்பி, இனிய புளிப்பு மணம் வந்தவுடன் குளிர்ப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். அதன்பின் மூன்று வாரம் வரை உபயோகிக்கலாம். மிகவும் புளித்துவிட்டதை எறிய வேண்டியதில்லை. பழைய கிம்ச்சியைக் கொண்டு குழம்பு வைப்பதும், சோற்றுடன் வதக்குவதும் கொரிய வழக்கமே.

இப்புளிப்பு எவ்வாறு உண்டாகிறது என்று அறிவது நன்று. உப்பானது அழுகச் செய்யும் கிருமிகளிற் பலவற்றை அடக்கிவிடுகிறது. உப்பைத் தாங்கும் லாக்டிக் அமிலக் கிருமிகள் காயிலுள்ள சர்க்கரையை அமிலமாக்குகின்றன. அமிலம் மிகுந்தபின் கெடுதலான கிருமிகள் வளர இடமில்லை. இவற்றுள் முதலில் வேலை செய்யும் ‘லியூகோநோஸ்டாக்’ என்னும் கிருமியே நமது இட்லி மாவையும் பொங்கச் செய்வதாகும். ஆகவே இட்லிக்கு அரைக்கத் தெரிந்த எந்த ஸ்திரீக்கும் கிம்ச்சியின் பதம் கண்ணாலும் மூக்கினாலும் தானே விளங்கும்.

முட்டைக்கோசிலும் இவ்வாறே செய்யலாம். கொரியர் உபயோகிக்கும் நீண்ட சீன முட்டைக்கோசு நீலகிரியிற் பயிராகிறது. கிடைக்காவிடில் சாதாரண முட்டைக்கோசு போதும். 2 கிலோ கோசுக்கு 200 கிராம் உப்புத் தூவி, நான்கு அல்லது ஐந்து மணி நேரம் ஊற வைத்து, மூன்று முறை நல்ல ஜலத்தில் அலசி வடிய விட்டு, மேற்கூறிய மசாலையை இலைகளுக்கிடையே பூசி நிரப்ப வேண்டும்.

முள்ளங்கியின் இலையை நம்மிற் பலர் வெட்டி எறிந்துவிடுகின்றனர். கொரியர் அதை நிழலில் உலர்த்திச் சேமித்து, பின்பு வேக வைத்து ரசத்திற் சேர்க்கின்றனர். மணத்தக்காளி வற்றலும் சுண்டை வற்றலும் போடத் தெரிந்த நமக்கு இது கடினமன்று.

தவிட்டில் இடும் ஊறுகாய்

ஜப்பானியர் முள்ளங்கியை அரிசித் தவிட்டில் ஊற வைப்பர். ‘தக்குவான்’ என்னும் இவ்வூறுகாய்க்கு முள்ளங்கியை இலையுடன் கயிற்றிற் கட்டித் தொங்கவிட்டு, வில்லாக வளைத்தாலும் ஒடியாத பதம் வரும்வரை வெயிலில் வாட்டுவர். பின்பு, வாடிய முள்ளங்கி 5 கிலோவுக்குத் தவிடு முக்கால் கிலோவும் உப்பு 300 கிராமும் கலந்து, ஓர் அடுக்கு தவிடு, ஓர் அடுக்கு முள்ளங்கி என்று மாற்றி மாற்றிப் பரப்பி, மேலே கனமான கல்லை ஏற்றி வைப்பர். தவிட்டின் சத்தும் மணமும் காய்க்குள் இறங்கும். நமது சீதோஷ்ணத்தில் தவிடு விரைவிற் காறிப்போகுமாதலால், ஆலையிலிருந்து வந்த அன்றே இளந்தீயில் வறுத்து ஆற வைத்து உபயோகிக்க வேண்டும். கோடை முற்றிய மாதங்களில் இதைச் செய்யாதிருப்பதே நலம்.

ஸோயா மொச்சையும் டோஃபுவும்

கிம்ச்சிக்கு அடுத்தபடியாக இவ்விரு தேசத்துச் சமையலையும் தாங்குவது ஸோயா மொச்சை. இதில் நூற்றுக்கு ஏறக்குறைய 40 பங்கு புரதமும் 20 பங்கு எண்ணெயும் உண்டு. ஜப்பானியருடைய மிஸோ, ஷோயு என்பவையும், கொரியருடைய தென்ஜாங், கான்ஜாங், கோச்சுஜாங் என்பவையும் இதைப் புளிக்க வைத்துச் செய்தவை. கொரியர் ஸோயாவை வேக வைத்து இடித்துக் கட்டிகளாக்கி, வைக்கோலிற் கட்டித் தொங்கவிட்டுப் பூஞ்சணம் பூக்கச் செய்து, உப்பு ஜலம் நிறைந்த மண் ஜாடிகளில் மாதக்கணக்கில் ஊற வைப்பர். தெளிந்த ஜலம் கான்ஜாங் ஆகும்; தங்கும் விழுது தென்ஜாங் ஆகும். ஜப்பானியர் ‘கோஜி’ எனப்படும் தேர்ந்த பூஞ்சணத்தை அரிசியிலோ வாற்கோதுமையிலோ வளர்த்து, வெந்த ஸோயாவுடன் கலப்பர்.

இவற்றை நமது வீடுகளிற் செய்து பார்ப்பது தகாது. நல்ல பூஞ்சணத்துடன் விஷப் பூஞ்சணமும் வளரக்கூடும். நிலக்கடலையிற் படும் பூஞ்சணத்தால் அஃப்ளாடாக்ஸின் என்னும் நஞ்சு உண்டாவதை நமது விவசாயிகள் அறிவார்கள். ஆகவே இவ்விழுதுகளைக் கடையில் வாங்கிக்கொள்வதே விவேகம். டோஃபு என்னும் ஸோயாக் கட்டியோ எந்த வீட்டிலும் பயமின்றிச் செய்யத் தக்கது.

செய்முறை: அரைக் கிலோ ஸோயா மொச்சையை எட்டு மணி முதல் பத்து மணி நேரம் ஊற வைத்து, கழுவி, ஜலம் விட்டு நைய அரைக்கவும். மொத்தம் நான்கு லிட்டர் ஜலம் சேருமாறு கரைத்து, அடி கனத்த பெரிய பாத்திரத்திற் காய்ச்சவும். கொதிப்பதற்கு முன்பே நுரை பொங்கி எழும். அதைக் கொதி என்று எண்ணி இறக்கிவிடலாகாது. பச்சை ஸோயாவில் ஜீரணத்தைத் தடுக்கும் பொருள் ஒன்று உண்டாதலால், அடிபிடிக்காமற் கிளறிக்கொண்டு, உண்மையான கொதி வந்தபின் பத்து நிமிஷம் வேக விட வேண்டும். பிறகு மெல்லிய துணியில் வடிகட்டிப் பிழிந்து, பாலை மறுபடி சூடாக்கி இறக்கி ஐந்து நிமிஷம் வைக்கவும். நான்கு மேசைக்கரண்டி எலுமிச்சஞ்சாற்றை ஒரு டம்ளர் ஜலத்திற் கலந்து, மூன்று தவணையாக விட்டு மெல்லக் கலக்கவும். பால் திரிந்து தெளிநீர் பிரியும். துளையுள்ள தட்டிலே துணி விரித்து அதில் ஊற்றி, மேலே கனம் வைத்து அரைமணி நேரம் அழுத்தினால் கட்டி இறுகும். முக்கால் கிலோ முதல் ஒரு கிலோ வரை கிடைக்கும். ஜலத்தில் அமிழ்த்திக் குளிர்ப் பெட்டியில் வைத்து, தினமும் ஜலத்தை மாற்றினால் மூன்று நாள் இருக்கும். பிழிந்த சக்கையை அடையிலும் வடையிலும் சேர்க்கலாம். கறவை மாட்டுக்கும் நல்ல தீனி.

ஜப்பானியர் எலுமிச்சைக்குப் பதிலாக ‘நிகாரி’ என்பதை உபயோகிப்பர். கடல் ஜலத்திலிருந்து உப்பு விளைந்தபின் உப்பளத்தில் எஞ்சும் கசப்பு நீரைச் சுத்தி செய்து எடுப்பதே அது. புதுச்சேரிக்கு வடக்கே மரக்காணத்து உப்பளங்களிலும் அத்தகைய கசப்பு நீர் எஞ்சுகிறது. சுத்தி செய்யாத அந்நீரை நேரே உணவிற் சேர்க்கலாகாது.

கலந்த சோறும் கீரை வியஞ்சனமும்

‘பிபிம்பாப்’ என்றால் கொரிய மொழியிற் கலந்த சோறு என்று பொருள். ஒரு கிண்ணத்திற் சூடான சோற்றை இட்டு, அதன்மேல் ‘நமுல்’ எனப்படும் கீரை, காய் வியஞ்சனங்களை வகை வகையாக அடுக்கி, நடுவில் ஒரு வறுத்த முட்டையும் ஒரு கரண்டி மிளகாய் விழுதும் வைத்து, உண்ணும்போது கலந்துகொள்வர். நமுல் செய்வது வெகு சுலபம். சிறுகீரை, பச்சைப்பயற்று முளை, காரட், வெள்ளரி, கத்தரி இவற்றுள் கிடைத்ததைத் தனித்தனியே எடுத்து, கீரையையும் முளையையும் கொதிநீரில் ஒரு நிமிஷம் மட்டும் இட்டு எடுத்துப் பிழிந்து, உப்பு, நசுக்கிய பூண்டு, நல்லெண்ணெய், வறுத்த எள் கூட்டிப் பிசறினால் ஆயிற்று. கொரியர் எள்ளை வறுத்தபின் எண்ணெய் ஆட்டுவர். நமது செக்கில் பச்சை எள்ளை ஆட்டுகிறோம். ஆதலால் மணம் வேறுபடும். வறுத்த எள்ளைப் பொடித்துச் சேர்த்தால் அக்குறை நீங்கும். கீரையை அதிக நேரம் வேக வைத்துச் சத்தை இழக்கும் வழக்கமுள்ள வீடுகளுக்கு இம்முறை நல்ல பாடம்.

சோற்றை நோரி என்னும் கடற்பாசித் தாளிற் பரப்பி, காய்களை வைத்துச் சுருட்டி வில்லைகளாக்கினால் அது கொரியருக்குக் கிம்பாப். சோற்றில் நல்லெண்ணெயும் உப்பும் சேர்ப்பர். ஜப்பானியர் சோற்றிற் காடியும் சர்க்கரையும் உப்பும் சேர்ப்பர், அது ஸுஷி. ஸுஷி என்றால் பச்சை மீன் என்று பலர் எண்ணுவது தவறு. காடி கலந்த சோற்றுக்கே அப்பெயர். பச்சை மீனை உண்பதற்கு விசேஷமான குளிர்ப்பதனமும் பரிசோதனையும் வேண்டும். சாதாரணச் சந்தை மீனை அவ்விதம் உண்ணலாகாது.

அரிசி மாவுப் பலகாரம்

நமது புட்டு, கொழுக்கட்டைகளுக்கு நெருங்கிய உறவினர் கொரியரின் ‘தொக்’ என்னும் பலகாரங்கள். எட்டாம் சந்திர மாதத்துப் பௌர்ணமியில் வரும் அறுவடைத் திருநாளில், அரிசி மாவிற் சொப்புச் செய்து, எள்ளோ பயறோ இனிப்புடன் வைத்துப் பிறைபோல் மடித்து, பைன் மர இலைகளின்மேல் அடுக்கி ஆவியில் வேக வைப்பர். ‘ஸொங்ப்யோன்’ என்னும் இதைப் பார்க்கும் நம்மவர் எவரும் கொழுக்கட்டை என்றே சொல்வர்.

இளைஞர் மிகவும் விரும்பும் ‘தொக்போக்கி’யைச் செய்யும் விதம்: இரண்டு டம்ளர் பச்சரிசி மாவில் உப்பு ஜலம் தெளித்துப் புட்டுக்குப் போல் பிசறி ஆவியில் வேக வைக்கவும். சூடு ஆறுமுன், கையில் நல்லெண்ணெய் தொட்டுக்கொண்டு நன்கு அடித்துப் பிசைந்து, விரற்கனமான குச்சிகளாக உருட்டி நறுக்கவும். வாணலியில் இரண்டு டம்ளர் ஜலத்தில் மிளகாய்த் தூள் இரண்டு கரண்டி, ஸோயாச் சாறு இரண்டு கரண்டி, வெல்லம் ஒரு சிறு கட்டி, நசுக்கிய பூண்டு சேர்த்துக் கொதிக்க வைத்து, குச்சிகளையும் நறுக்கிய முட்டைக்கோசையும் இட்டு, சாறு கெட்டியாகிப் பூசிக்கொள்ளும்வரை கிளறி இறக்கவும்.

பயறும் கடற்பாசியும்

ராமநாதபுரக் கடலோரத்திற் பெண்கள் சேகரிக்கும் கடற்பாசியிலிருந்து அகர் எடுக்கப்படுகிறது. முஸ்லிம் வீடுகளில் நோன்பு காலத்தில் இனிப்புச் செய்வது அதனாலேயே. ஜப்பானியர் அதைக் ‘கான்தென்’ என்பர். சிவப்புப் பயறு ஒன்றுடன் சேர்த்து ‘யோகான்’ என்னும் இனிப்பைச் செய்வர். அப்பயற்றுக்குப் பதிலாக நமது சிவப்புத் தட்டைப்பயறு பொருந்தும். 250 கிராம் பயற்றைக் கொதிக்க வைத்து முதல் ஜலத்தைக் கொட்டிவிட்டு, மறு ஜலத்திற் குழைய வேக வைத்து மசித்துச் சல்லடையில் தேய்க்கவும். 10 கிராம் கடற்பாசியை அரை லிட்டர் ஜலத்திற் கரையும்வரை காய்ச்சி, 250 கிராம் சர்க்கரையும் பயற்று விழுதும் சேர்த்துப் பத்து நிமிஷம் கிளறித் தட்டில் ஊற்றினால் உறைந்துவிடும். துண்டு போட்டு உண்ணலாம்.

ஜனவரி 15-ல் ஜப்பானியர் சிவப்புப் பயறு சேர்த்து அரிசிக் கஞ்சி காய்ச்சும் வழக்கத்தை, ஆராய்ச்சியாளர் சுசுமு ஓனோ நமது பொங்கலுடன் ஒப்பிட்டார். தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவுண்டு என்னும் அவரது கொள்கையை மொழி நூலார் பெரும்பாலோர் ஏற்கவில்லை. ஆயினும் அறுவடையைப் புது அரிசியும் பயறும் கொண்டு கொண்டாடும் மனம் இரு தேசத்தார்க்கும் ஒன்றே.

ஏனைய பதார்த்தங்கள்

ஜப்பானியரின் ரசத்துக்கு ஆதாரம் கொம்பு என்னும் கடற்பாசியும், சூரை மீனைப் புகையிட்டு உலர்த்திச் சீவிய துருவலுமாகும். கொம்புவின் ருசிக்குக் காரணமான குளூட்டாமேட் என்னும் பொருளை இக்கெதா என்னும் ஜப்பானிய ரசாயன சாஸ்திரி 1908-ல் கண்டறிந்தார். அச்சூரை மீனே நமது கடைகளில் மாசிக் கருவாடாக விற்கிறது. அதைக் கொண்டும் நல்ல ரசம் வைக்கலாம். தெம்புரா என்பது குளிர்ந்த ஜலத்தில் லேசாகக் கரைத்த கோதுமை மாவில் காயைத் தோய்த்துப் பொரிப்பது. பஜ்ஜிக்கு அண்ணன் தம்பி முறை. நமது நாட்டுக் குழம்பும் அங்கே சென்றிருக்கிறது. தேசபக்தர் ராஷ் பிகாரி போஸ் மூலம் 1927-ல் டோக்கியோவின் நகாமுராயா உணவுச் சாலையில் இந்தியக் கறியும் சோறும் விற்கத் தொடங்கியது.

பொட்டல நூடுல்ஸ் ஜப்பானில் 1958-லும் கொரியாவில் 1963-லும் தோன்றியது. அது அவசரத்துக்கு உதவும் பண்டமேயன்றி, அத்தேசத்தாரின் நித்திய ஆகாரமாகாது. குழந்தைகள் கேட்கும்போது முளையும் முட்டையும் கீரையும் சேர்த்துக் கொடுப்பதும், கூட வரும் உப்புப் பொடியிற் பாதியை விட்டுவிடுவதும் நன்மை தரும்.

பயிரிடுவோர் கவனிக்க வேண்டியவை

ஊறுகாய்க்கு நீண்டு, வெளுத்து, சாறு மிகுந்த முள்ளங்கி வேண்டும். குளிர்ந்த பருவத்திற்கு ‘ஜப்பனீஸ் ஒயிட்’ என்னும் இனம் ஏற்றது. அதன் பெயரே அதன் பிறப்பிடத்தைக் கூறும். உஷ்ண காலத்திற்குப் பூசா சேத்கி தகும். 40 முதல் 45 நாட்களிற் பிடுங்கலாம். மழை ஜலம் தேங்காத பார்களில் விதைப்பதும், முற்றவிடாமற் பிடுங்குவதும் அவசியம். முற்றிய வேர் நார் பாய்ந்து நெட்டிபோல் ஆகிவிடும். எல்லா விதையையும் ஒரே நாளில் ஊன்றாமல், பத்து நாளுக்கொரு முறை சிறுகச் சிறுக ஊன்றினால், அறுவடையும் விட்டு விட்டு வரும், சந்தையும் தாங்கும், ஜாடியும் நிறையும்.

ஸோயாவுக்குக் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ இனங்கள் உண்டு. ஏறக்குறைய மூன்று மாதத்திற் பலன் தரும். விதையில் ரைசோபியம் நுண்ணுயிர் கலந்து விதைத்தல் வேண்டும். பழைய விதை சரிவர முளைக்காதாகையால், விதைக்குமுன் முளைப்புத் திறனைச் சோதிப்பது நலம்.

கொரிய உணவுச் சாலைகளுக்குச் சரக்கு அனுப்பி ஒரே வருஷத்தில் தனவான் ஆகலாம் என்று யாரேனும் கூறினால் நம்பிவிடலாகாது. அவர்கள் வாங்கும் அளவு சிறிது. தரமும் தவணையும் கண்டிப்பு. வாங்குவோர் யார், எவ்வளவு, என்ன விலை என்று நிச்சயித்துக்கொண்ட பின்னரே சீன முட்டைக்கோசு போன்ற புதுப் பயிரில் இறங்க வேண்டும். முள்ளங்கி விஷயத்தில் இப்பயமில்லை. வெளியார் வாங்காவிடினும் வீட்டில் உதவும். ஊறுகாயை விற்க விரும்பும் மகளிர் சுய உதவிக் குழுவினர், 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்துகொண்டு, தயாரித்த தேதியை ஜாடியில் ஒட்டி விற்க வேண்டும்.

உப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஜப்பானின் வட பாகங்களில் உப்பிட்ட பதார்த்தங்களை மிகுதியாக உண்டதனால் இரத்தக் கொதிப்பும் பக்கவாதமும் பெருகி, உப்பைக் குறைக்குமாறு அரசாங்கத்தார் பெரும் பிரசாரம் செய்ய நேர்ந்தது. கிம்ச்சியைச் சோற்றுக்கு ஈடாக அல்ல, தொட்டுக்கொள்ளும் அளவிலேயே உண்ண வேண்டும். இரத்தக் கொதிப்பும் சிறுநீரகம் சம்பந்தமான வியாதியும் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுக்கொள்வது அவசியம். பூஞ்சணம் பூத்ததும், வழுவழுப்பானதும், துர்நாற்றம் வீசுவதுமான ஊறுகாயைச் சிறிதும் தயங்காமல் எருக்குழியிற் கொட்டிவிட வேண்டும்.

விளைவிப்பது உழவுத் தொழிலின் ஒரு பாதி. விளைந்ததைக் கெடாமற் காப்பது மற்றொரு பாதி. முதற் பாதியில் நமது குடியானவர்களுக்குப் பிறர் சொல்ல வேண்டுவது அதிகமில்லை. இரண்டாம் பாதியில் கொரிய, ஜப்பானியக் குடும்பத்தாரிடம் கற்பதற்கு உண்டு. வரும் தை மாதத்தில் முள்ளங்கி விலை இறங்கும்போது, மூலக்குளத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் வீட்டுக்கு ஒரு ஜாடியாவது போட்டுப் பார்த்தல் வேண்டும். இரண்டு கிலோ முள்ளங்கியும் ஒரு கைப்பிடி உப்பும் அதற்குப் போதும்.